பகிடிக்குத்தானே சொன்னது? வேலையிடத்து நக்கல் பற்றி ஓர் எளிய விளக்கம்

வேலை செய்யும் இடத்தில் ஒருவர் நக்கலால் நொந்துபோனார் என்று கதை வந்தால் யாழ்ப்பாணத்தில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். "பகிடியைத் தாங்கத் தெரியாட்டி ஏன் வேலைக்கு வாறது?" என்பது ஒன்று. "இப்ப ஒருத்தரோடையும் வாய் திறந்து கதைக்கேலாது, எல்லாத்துக்கும் கோவிக்கினம்" என்பது மற்றது. முதல் பதில் நொந்தவரையே குற்றவாளி ஆக்கிவிடுகிறது, இரண்டாவது பதிலோ பிரச்சினையே கோபம்தான் என்று சொல்லிவிட்டுப் போகிறது, கடைசியில் நக்கல் ஆளுக்கும் வேலைக்கும் என்ன செய்கிறது என்பதை மட்டும் யாரும் கதைப்பதில்லை.

இது பற்றி உளவியல் ஆய்வுகள் நிறையவே வந்திருக்கின்றன. அவற்றில் அடிப்படையானவற்றை மட்டும், புதிதாகக் கேட்பவருக்கும் விளங்கும்படி இங்கே எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பகிடி தீங்கானதா என்பதைச் சொன்னவரின் மனதை வைத்து அளக்க முடியாது, கேட்டவருக்குத் திருப்பிச் சொல்ல வழி இருந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்தத் தீங்கு அவர் ஒருவரோடு நிற்பதும் இல்லை. பக்கத்து மேசைக்குப் போகிறது, பிறகு செய்கிற வேலைக்குள்ளேயே இறங்கிவிடுகிறது.

பந்து திரும்பி வருகிறதா?

பின்னேரத்தில் ஊர் மைதானத்தில் நடக்கும் கரப்பந்தாட்டத்தை நினைத்துப் பாருங்கள். வலைக்கு இந்தப் பக்கம் நிற்பவர் எழும்பி ஓங்கி அடிக்கிறார், அந்தப் பக்கம் நிற்பவர் விழுந்து எடுக்கிறார், அடுத்த பந்தை அவர் அடிக்கிறார். அடி பலம் என்பதற்காக யாரும் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை, பந்து தன் கைக்கும் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். சரி, இப்போது ஒரு பக்கத்தில் நிற்பவர் பந்தைத் தொடவே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தும் அதே பந்து, அடியும் அதே அடி. ஆனால் அதற்கு விளையாட்டு என்று பெயர் இல்லை, ஓர் ஆளை நிற்க வைத்து எறிவது என்றுதான் சொல்ல வேண்டும்.

கந்தோரிலும் இதுதான் நடக்கிறது. ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர், ஒருவர் மற்றவரின் பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சொல்கிறார், மற்றவர் இவரின் மதியச் சாப்பாட்டுப் பார்சலின் அளவைப் பற்றிச் சொல்கிறார். இருவரும் சிரிக்கிறார்கள், பிறகு ஒன்றாகவே தேத்தண்ணி குடிக்கப் போகிறார்கள். அதே மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கிளைத் தலைவர் எல்லோர் முன்னாலும் புதிதாக வந்த பயிலுநரிடம் சொன்னால், அந்தப் பயிலுநர் என்ன திருப்பிச் சொல்வார்? சிரிப்பார், வேறு வழி இல்லை. அந்தச் சிரிப்பைக் காட்டி "பாத்தீங்களே, அவரும் சிரிச்சவர்தானே" என்று பிறகு எல்லோரும் சொல்வார்கள்.

கனடாவில் மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் ரொட் மார்ட்டினும் அவரோடு வேலை செய்தவர்களும் 2003 இல் நகைச்சுவையை நான்கு வகையாகப் பிரித்தார்கள். மற்றவர்களோடு நெருங்குவதற்கான நகைச்சுவை, கஷ்டத்தில் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் நகைச்சுவை, மற்றவரைத் தாக்கும் நகைச்சுவை, பிறர் சிரிக்க வேண்டும் என்பதற்காகத் தன்னைத் தானே தாழ்த்திக்கொள்ளும் நகைச்சுவை. முதல் இரண்டும் பொதுவாக மனதுக்கு நல்லதோடும் பின்னைய இரண்டும் கெட்டதோடும் சேர்ந்து வருவதாகத்தான் பிறகு வந்த ஆய்வுகள் பலவும் காட்டுகின்றன. இங்கே நாம் கதைக்கப் போவது மூன்றாவது வகை. தாக்கும் நகைச்சுவை என்றால், ஒருவரைச் சிறுமைப்படுத்தி அல்லது மட்டந்தட்டி அதிலிருந்து சிரிப்பை எடுப்பது. நம்மூரில் நக்கல், நளினம், பட்டம் தெளிப்பது என்று சொல்லும் பலதும் இதற்குள் வரும். நான்காவது வகைக்குப் பிறகு வருகிறேன்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பகிடி எல்லாம் ஒன்றல்ல. பந்து இரண்டு பக்கமும் போய்வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

"நான் கெட்ட எண்ணத்தோட சொல்லேல்லை"

பெரும்பாலும் இது உண்மைதான். நக்கல் அடிப்பவர்களில் நிறையப் பேர் உண்மையிலேயே கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை, அதனால்தான் இந்த விசயம் இவ்வளவு சிக்கலாகிறது.

2006 இல் ஜஸ்டின் குறூகரும் இன்னும் சிலரும் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகப் பார்த்தது. கேலி செய்தவர், அதற்கு ஆளானவர் இருவரிடமும் ஒரே சம்பவத்தைப் பற்றிக் கேட்டபோது, செய்தவர் அதைப் பாதிப்பில்லாத விளையாட்டாகவே பார்த்தார், ஆளானவர் அப்படிப் பார்க்கவில்லை. காரணம் எளிது. "இது அன்பில் சொல்லுறது" என்ற எண்ணம் சொல்பவரின் மனதுக்குள் பளிச்சென்று தெரிகிறது, ஆகவே மற்றவருக்கும் அது தெரியும் என்று நம்பிவிடுகிறார். கேட்பவருக்கு எண்ணம் தெரிவதில்லை, சொல் மட்டும்தான் வந்து சேருகிறது. இதில் கவனிக்க வேண்டியது, செய்பவர்கள் ஒரு சாதி, ஆளாகிறவர்கள் இன்னொரு சாதி என்று இல்லை. நேற்று மச்சானின் நக்கலால் நொந்தவரே இன்று கந்தோரில் இன்னொருவருக்கு "சும்மா சொன்னனான்" என்கிறார்.

நேரில் கதைக்கும்போது எண்ணத்தைக் காட்டச் சில அடையாளங்கள் இருக்கின்றன. குரலை இழுத்துச் சொல்வது, கண்ணைச் சிமிட்டுவது, மிகைப்படுத்துவது, தோளில் தட்டுவது. கேலியை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் டாக்கர் கெல்ட்னர் இவற்றைத்தான் முக்கியமாகச் சொல்கிறார், இந்த அடையாளங்கள் இருக்கும்போது கேலி விளையாட்டாகிறது, இல்லாதபோது வெறும் தாக்குதலாகிறது. அப்படியென்றால் வட்ஸ்அப் குழுவில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குரல் இல்லை, முகம் இல்லை, தோள் இல்லை. ஒரு சிரிப்பு முகக் குறியீடு மட்டும். அதுவும் பார்ப்பவரின் மனநிலைக்கு ஏற்ப அன்பாகவும் தெரியும், ஏளனமாகவும் தெரியும். கலியாண வீட்டில் வாய் நிறையச் சோற்றோடு இருந்தவரைப் படம் எடுத்து ஸ்ரிக்கர் ஆக்கி, கந்தோர்க் குழுவில் யாரோ ஒருவர் பிழை விடும்போதெல்லாம் அதைப் போடுகிற பழக்கம் இப்போது பரவலாக இருக்கிறது. நேரில் சொன்ன நக்கல் பின்னேரத்தோடு மறையும். ஸ்ரிக்கர் மறைவதில்லை, அந்த ஆளுக்குத் தெரியாத குழுக்களுக்கும் போய்விடுகிறது.

கெல்ட்னரின் குழு 1998 இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், ஒரே மாணவர் விடுதியில் இருந்தவர்களைச் சேர்த்துவைத்து ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் வைக்கச் சொன்னார்கள். குழுவில் செல்வாக்கு உள்ளவர்கள் கடுமையாகவும் நேரடியாகவும் கேலி செய்தார்கள். செல்வாக்குக் குறைந்தவர்கள் மேலே இருந்தவர்களைக் கேலி செய்யச் சொன்னபோது அதை ஏறக்குறையப் பாராட்டு மாதிரிச் செய்தார்கள். பதவி என்பது வலையின் உயரத்தை மாற்றிவிடுகிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

ஒரு பூச்சியத்தின் கதை

இப்போது ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு அரச கந்தோரின் கணக்குக் கிளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மேசை, ஒரு மின்விசிறி, சுவரோடு கோவைகள் அடுக்கிய இரும்பு அலுமாரி. புதிதாக வந்த முகாமைத்துவச் சேவை உத்தியோகத்தர் ஒருவர் வவுச்சரில் 18,500 ரூபா என்று எழுத வேண்டியதை 185,000 என்று எழுதிவிட்டார். கையொப்பத்துக்குப் போகும் முன்பே பிழை பிடிபட்டது, ஒரு சதமும் போகவில்லை. கிளையில் மூத்தவர் வவுச்சரைத் தூக்கிப் பிடித்து, "பிள்ளை, அரசாங்கத்துக்கு ஒரு பூச்சியம் இனாமாக் குடுக்கிறீர் போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், பிழை விட்டவரும் சிரித்தார். உண்மையைச் சொன்னால் அது நல்ல பகிடிதான், அன்றோடு முடிந்திருந்தால் இங்கே எழுத ஒன்றும் இருந்திருக்காது.

முடியவில்லை. மறுநாள் அவர் உள்ளே வரும்போது ஒருவர் "பூச்சியம் வந்திட்டுது" என்றார். பிறகு கூட்டல் எதைச் செய்தாலும் "பூச்சியத்தை எண்ணிப் பாத்தனீரோ?" மூன்றாம் நான்காம் கிழமையில் தேத்தண்ணி கொண்டுவருகிற அண்ணையும் "பூச்சியம் தங்கச்சிக்குச் சீனி போட்டதோ போடாததோ?" என்று கேட்கிறார். அந்தப் பேர் எப்படி வந்தது என்றுகூட அந்த அண்ணைக்குத் தெரியாது. பேர் பிழையை விட்டு ஆளோடு ஒட்டிவிட்டது.

இனி அந்தப் பெண்ணின் மண்டைக்குள் என்ன நடக்கிறது? இங்கேதான் பலரும் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். "நக்கல் அடிச்சாத்தான் அடுத்த முறை கவனமா இருப்பார்" என்கிறார்கள். அவர் கவனமாகத்தான் இருக்கிறார், ஆனால் அந்தக் கவனம் வேலையில் இல்லை. நாம் ஒரு வேலையைச் செய்யும்போது தேவையானவற்றைக் கொஞ்ச நேரம் மனதில் ஏந்திவைத்துக் கையாளும் திறனுக்குச் செயல்நினைவு என்று பெயர். அது மிகச் சிறிய இடம். கூட்ட வேண்டிய இலக்கங்கள், எந்தத் தலைப்பில் செலவு போகிறது, யாருடைய கையொப்பம் தேவை, இவையெல்லாம் அந்த இடத்துக்குள் இருந்தாக வேண்டும். "இப்ப என்ன சொல்லப் போகினம்" என்ற பயம் வந்ததும் அதே இடத்தில் பாதியை அது பிடித்துக்கொள்கிறது. மீதிப் பாதியில் வேலை நடக்கிறது, பிழை கூடுகிறது. பிழை கூட, நக்கலும் கூடுகிறது. கடைசியில் மூத்தவர் "நான் சொன்னது சரிதானே, அந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது" என்று முடித்துவிடுகிறார்.

கிறிஸ்டின் பொராத், அமீர் எரெஸ் இருவரும் 2007 இல் வெளியிட்ட பரிசோதனைகளில், சிறிய அவமரியாதை ஒன்றைச் சந்தித்தவர்கள் அதன் பிறகு கொடுக்கப்பட்ட சொற்புதிர்களிலும் புதிய யோசனை சொல்லும் வேலைகளிலும் மற்றவர்களைவிடக் குறைவாகவே செய்தார்கள். 2015 இல் இஸ்ரேலில் நடந்த ஆய்வு இன்னும் யோசிக்க வைப்பது. பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை செய்யும் மருத்துவர்களும் தாதியரும் 24 குழுக்களாகப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தார்கள். குறைமாதக் குழந்தை ஒன்றின் நிலை மோசமாகிக்கொண்டு போவது போன்ற பயிற்சி. சில குழுக்களிடம் வெளிநாட்டு நிபுணர் ஒருவர், இந்த நாட்டு மருத்துவத்தின் தரம் தன்னைக் கவரவில்லை என்ற மாதிரி மட்டமாகக் கதைத்தார். அவர்கள் செய்த வேலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, கத்தவும் இல்லை. ஆனாலும் அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் செய்ய வேண்டியதைச் செய்வதிலும் பின்தங்கின. ஏன் என்று பார்த்தால், ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்துபோயிருந்தன. இது நக்கல் பற்றிய ஆய்வு இல்லை, பொதுவாக அவமரியாதை பற்றியது. என்றாலும் உதவி கேட்பது குறைகிறது என்ற அந்த ஒரு விசயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பகுதி முழுக்க அதைப் பற்றித்தான்.

சுருக்கமாக: நக்கல் ஆளைத் திருத்துவதில்லை. வேலைக்குத் தேவையான கவனத்தில் ஒரு பங்கைப் பயத்துக்குத் திருப்பிவிடுகிறது.

பக்கத்து மேசையில் இருப்பவர்

இதுதான் நான் அதிகம் சொல்ல விரும்பும் பகுதி, ஏனென்றால் இதை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. நக்கல் பற்றிக் கதை வரும்போது சொன்னவர், கேட்டவர் என்று இரண்டு பேரைப் பற்றித்தான் கதைக்கிறோம். அந்த அறையில் ஆறு மேசை இருந்ததை மறந்துவிடுகிறோம்.

அதே கிளையில் பட்டதாரிப் பயிலுநர் ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பூச்சியம் கதையைக் கேட்டு அவரும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தவர்தான். ஆண்டு முடிவில் இருப்புப் பதிவேட்டைப் பார்க்கும்போது ஒரு பக்கத்தின் கூட்டல் அடுத்த பக்கத்துக்குக் கொண்டுவந்த தொகையோடு ஒத்துவரவில்லை என்று அவருக்குப் படுகிறது. மூத்தவரிடம் கேட்கலாம். கேட்டு, தான் விளங்கிக்கொண்டது பிழை என்று தெரிந்தால்? பூச்சியத்துக்கு ஒரு துணை கிடைக்கும். அவர் பதிவேட்டை மூடிவைக்கிறார். அவ்வளவுதான். யாரும் அழவில்லை, யாரும் முறைப்பாடு செய்யவில்லை, ஆனால் ஒரு பிழை அடுத்த ஆண்டுக்குப் போய்விட்டது.

லெஸ்லி ஜேன்ஸ், ஜேம்ஸ் ஒல்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000 இல் இதைப் பரிசோதித்துக் காட்டினார்கள். ஒருவர் இன்னொருவரை ஏளனம் செய்யும் காணொளியைப் பார்த்தவர்களிடம், பிறகு மற்றவர்களின் கருத்தோடு ஒத்துப்போவது கூடியது, தோற்றுவிடுவோமோ என்ற பயமும் கூடியது. ஒருவர் தன்னைத் தானே கேலி செய்த காணொளியைப் பார்த்தவர்களிடமோ, ஏளனமே இல்லாத காணொளியைப் பார்த்தவர்களிடமோ அந்த அளவு இல்லை. பார்த்தவர்களுக்கு அந்த ஏளனத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள், வெறுமனே பார்த்தார்கள். மேலே சொன்ன பொராத்தும் எரெஸும் 2009 இல் அவமரியாதையைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவர்களின் வேலையும் குறைகிறது என்று காட்டினார்கள்.

இங்கே இன்னொரு சொல்லை அறிமுகப்படுத்த வேண்டும்: உளவியல் பாதுகாப்பு. இந்தக் குழுவில் ஒரு கேள்வி கேட்டாலோ, பிழையை ஒத்துக்கொண்டாலோ, "எனக்கு விளங்கேல்லை" என்று சொன்னாலோ அவமானப்பட மாட்டேன் என்று அதில் இருப்பவர்கள் பொதுவாக நம்புவதுதான் அது. ஹார்வர்ட் பேராசிரியை எமி எட்மண்ட்சன் 1999 இல் இதை விரிவாக எழுதினார். அதற்கு முன் மருத்துவமனைகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது அவருக்கு எதிர்பாராத ஒன்று கிடைத்தது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. நல்ல குழு அதிகம் பிழை விடுமா என்று குழம்பித் தேடிப் பார்த்தால், அவர்கள் அதிகம் பிழை விடவில்லை, விட்ட பிழையை அதிகம் சொன்னார்கள். மற்றக் குழுக்களில் பிழை வாய்க்குள்ளேயே நின்றது.

அதனால் ஒரு கந்தோரில், கடையில், கராஜில், வார்டில் பிழையே வருவதில்லை என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அங்கே பகிடி எப்படிப் போகிறது என்று ஒருக்கால் கேட்டுப் பார்ப்பது நல்லது. கராஜில் போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கேட்ட பொடியனை ஒரு கிழமை முழுக்க நக்கலடித்தால், அடுத்த முறை அவன் கேட்காமல் இறுக்குவான். அந்த வாகனத்தில் ஏறிப் பருத்தித்துறைக்குப் போகிற ஆளுக்கு இது ஒன்றும் தெரியாது.

ஊரும் சாதியும் பேச்சும்

நக்கல் எல்லாமே ஒருவர் விட்ட பிழையைப் பற்றியது அல்ல. நம்மூரில் நிறைய நக்கல் ஆளின் பிறப்பு, தோற்றம், நிலைமை பற்றியது. தீவகத்தில் இருந்து வருபவரின் பேச்சை நடித்துக் காட்டுவது, மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளையின் தமிழைத் திருத்துவது போல நக்கலடிப்பது, இந்தியாவில் அகதி முகாமில் வளர்ந்து திரும்பி வந்தவர் "என்னங்க" என்று கூப்பிட்டதும் ஆளாளுக்கு "என்னங்க, சொல்லுங்க" என்று தொடங்குவது, கறுப்பு, கட்டை, நெட்டை, முப்பத்தைந்து தாண்டியும் கலியாணம் ஆகவில்லை என்பது.

இவற்றில் மிகவும் நச்சானது சாதியைச் சாடையாகத் தொடும் பகிடி. நேரடியாக ஒரு சொல்லும் வராது. "நீர் அங்க எந்தக் கோயிலடி?" என்று ஒரு கேள்வி, பதில் வந்ததும் இரண்டு பேருக்குள் ஒரு பார்வை, சிரிப்பு. அந்த ஆள் என்ன செய்ய முடியும்? கோபித்தால் "நான் கோயிலைத்தானே கேட்டனான்" என்பார்கள். விளக்கம் கேட்டால், சொல்ல விரும்பாத ஒன்றை எல்லோர் முன்னாலும் தானே எடுத்துவைத்த மாதிரி ஆகிவிடும். திருப்பி அடிக்க முடியாதபடி கட்டப்பட்ட நக்கல் இது, ஆகவே இதைப் பகிடி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஒரு கூட்டத்தை மட்டந்தட்டும் நகைச்சுவை கேட்பவர்களை என்ன செய்கிறது என்பதைத் தோமஸ் ஃபோர்ட் என்ற உளவியலாளர் நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறார். 2004 இல் அவரும் மார்க் ஃபெர்குசனும் சொன்ன விளக்கம் இதுதான்: அப்படிப்பட்ட பகிடி நல்லவரைக் கெட்டவர் ஆக்கிவிடுவதில்லை. ஏற்கெனவே மனதுக்குள் ஒரு வெறுப்பை வைத்துக்கொண்டு, வெளியே காட்டினால் ஏசுவார்களோ என்று அடக்கிவைத்திருப்பவருக்கு அது அனுமதி கொடுக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள், அப்படியென்றால் இங்கே இது சரி என்று அவர் எடுத்துக்கொள்கிறார். 2008 இல் வெளியான ஒரு பரிசோதனையில், பெண்கள் மீது ஏற்கெனவே பகைமை கொண்ட ஆண்கள், பெண்களை மட்டந்தட்டும் பகிடிகளைக் கேட்ட பிறகு பெண்கள் அமைப்பு ஒன்றுக்குக் கொடுக்க விரும்பிய நன்கொடையைக் குறைத்தார்கள். அதே கருத்துப் பகிடி இல்லாமல் வெறும் கூற்றாகச் சொல்லப்பட்டபோது அந்த விளைவு இருக்கவில்லை. சிரிப்புத்தான் கதவைத் திறந்தது.

இதைக் கந்தோருக்குக் கொண்டுவந்து பாருங்கள். தேத்தண்ணி நேரத்துப் பகிடிக்குச் சிரித்த அதே ஆட்கள்தான் யாருக்குப் பயிற்சி கொடுப்பது, யாருடைய லீவை வெட்டுவது, யாரை வெளிக்கள வேலைக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறவர்கள்.

தன்னைத் தானே நக்கலடிப்பவர்

நான்காவது வகையைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். சிலர் மற்றவர்கள் சொல்லும் முன்பே தாங்களே சொல்லிவிடுவார்கள். "நான்தானே பூச்சியம், என்னட்டைக் கணக்கைக் குடாதேங்கோ." கேட்பவர்கள், அவரே பகிடியாக எடுத்துவிட்டார், இனிப் பிரச்சினை இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். சில வேளை உண்மையாகவே அப்படி இருக்கும். தன் சின்னச் சின்னக் குறையைச் சொல்லிச் சிரிப்பது ஆரோக்கியமானதுதான். ஆனால் ஒருவர் எப்போதும், அதுவும் தன்னைக் காயப்படுத்திய அதே விசயத்தை வைத்தே தன்னைத் தாழ்த்திக்கொண்டு இருந்தால், அது அடி விழும் முன் தானே குனிந்துகொள்வது. மார்ட்டினின் ஆய்வில் இந்த வகை மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் குறைந்த சுயமதிப்போடும் சேர்ந்து வந்தது. ஆகவே அவர் சிரிக்கிறார் என்பதை ஒத்துக்கொண்டதாக எடுக்காதீர்கள்.

அப்ப, பகிடியே வேண்டாமோ?

வேண்டும். எட்டரை தொடக்கம் நாலேகால் வரை முகத்தை நீட்டிக்கொண்டு இருந்து வேலை செய்ய யாராலும் முடியாது, நெருங்குவதற்கான நகைச்சுவை குழுவைச் சேர்த்துப் பிடிக்கிறது என்பதும் ஆய்வுகளில் தெரிந்த விசயம்தான். நிலைமையைப் பற்றிய பகிடி, மின்வெட்டைப் பற்றியது, பழுதான போட்டோகொப்பி மெஷினைப் பற்றியது, மேலிடத்திலிருந்து வருகிற ஒன்றுக்கொன்று முரணான சுற்றறிக்கைகளைப் பற்றியது, இவற்றுக்கு எல்லோரும் ஒரே பக்கத்தில் நின்று சிரிக்கலாம். ஆளைப் பற்றிய பகிடி என்றால், அந்த ஆள் உங்களையும் அதே மாதிரிச் சொல்ல முடியுமா, சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும், இதையே அவர் ஏற்கெனவே எத்தனை பேர் சொல்லக் கேட்டிருப்பார் என்று ஒரு நொடி யோசித்தால் போதும்.

பக்கத்து மேசையில் இருப்பவருக்குத்தான் கையில் அதிகம் இருக்கிறது, ஏனென்றால் நக்கல் அடிப்பவர் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் அடிக்கிறார். சண்டை பிடிக்கத் தேவையில்லை. சிரிக்காமல் இருப்பதே பாதி வேலையைச் செய்துவிடும். பட்டப்பெயரைப் பாவிக்காமல் அந்த ஆளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு வேலை விசயம் ஒன்றைக் கேட்பது இன்னும் நல்லது. சாடையாக வரும் நக்கலுக்கு, "எனக்கு விளங்கேல்லை அண்ணை, என்ன சொல்ல வாறீங்கள்?" என்று உண்மையான குரலில் கேளுங்கள். விளக்கிச் சொல்ல வேண்டி வந்தால் அந்தச் சாடை அதோடு உடைந்துபோகும். இதை நக்கலுக்கு ஆளானவர் கேட்பது கஷ்டம், பக்கத்தில் இருப்பவர் கேட்பது எளிது.

கிளைத் தலைவராகவோ கடை மனேச்சராகவோ இருப்பவர்களுக்கு ஒரு விசயம். உங்கள் பகிடிக்கு எல்லோரும் சிரிக்கிறார்கள் என்பதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது, சம்பளம் வாங்குபவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். யாராவது ஒருவர் முதன்முறையாக ஒரு பிழையைக் கொண்டுவந்து காட்டும்போது உங்கள் முகம் எப்படிப் போகிறது என்பதை மற்ற ஐந்து மேசையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அப்புறம் அந்தக் கந்தோர் வட்ஸ்அப் குழு. அறிவித்தல்களுக்கு ஒரு குழு, பம்பலுக்கு இன்னொரு குழு என்று பிரித்துவிடுங்கள். யாரும் காரணம் சொல்லாமல் விலகிப்போகக் கூடியதாகப் பம்பல் குழு இருக்கட்டும்.

நக்கலுக்கு ஆளாகிறவர்கள் பலர் கடைசியில் செய்வது இடமாற்றம் கேட்பது, படிவத்தில் காரணம் "குடும்ப நிலைமை" என்று எழுதுவது. அதற்கு முன் செய்யக்கூடியவை உண்டு. தனியாக, ஒரு நம்பிக்கையான ஆளை வைத்துக்கொண்டு, "அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுறதை நிப்பாட்டுங்கோ, எனக்கு விருப்பமில்லை" என்று ஒரு தடவை நேராகச் சொல்லுங்கள். எண்ணம் கெட்டதில்லாத ஆட்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள், குறூகரின் ஆய்வு சொல்வதுபோல அவர்களுக்கு உண்மையிலேயே தெரிந்திருக்காது. நிறுத்தாதவர் யார் என்றும் அப்போது தெரிந்துவிடும். பிறகு திகதி, இடம், சொன்ன சொல் அப்படியே, யார் யார் இருந்தார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள், குழுவில் வந்ததைத் திகதி தெரியும்படி படம் பிடித்துவையுங்கள்.

சட்டத்தின் பக்கத்தையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் கல்வி நிறுவனங்களுக்கானது, கந்தோருக்கு வராது. ஆனால் பகிடி பாலியல் சார்ந்ததாக இருந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு இருக்கிறது. 1995 திருத்தத்துக்குப் பிறகு அது தொடுவதோடு நிற்பதில்லை, சொல்லால் கொடுக்கும் பாலியல் தொந்தரவும் அதற்குள் வரும், வேலையிடத்தில் அதிகாரத்தில் இருப்பவர் அப்படி நடப்பதையும் அது குறிப்பிட்டே சொல்கிறது, ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். அதற்குப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். அரச நிறுவனம் ஒன்றில் சாதி, மொழி, பால், பிறந்த இடம் போன்றவற்றை வைத்து ஒருவர் பாரபட்சமாக நடத்தப்பட்டால் அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை அதைத் தடுக்கிறது. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, அங்கே தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். பொறுத்துப் பார்ப்போம் என்று மாதக்கணக்கில் இருந்துவிடாதீர்கள். சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் கொடுத்தால்தான், தேவைப்பட்டால் பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போகிற வழியும் திறந்திருக்கும்.